நத்தைக்குப் பால் வார்த்த புரட்டாசி

கூடை உங்க முழங்கையில இடிக்குதாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. கீழே வைங்கன்னுதான் கண்டக்டரும் சொல்லிட்டுப் போறாரு. கீழே வைக்கிற சாமான் இல்லை இது. யாராவது கால் பட்டுட்டா? அட, இனிமே கால் பட்டாத்தான் என்ன. இருந்தாலும் மனசு வரலை. மடியிலேயே இருக்கட்டும். திருமானூர்ல இறங்கிடுவேன், அதுவரைக்கும்தான்.

தேங்காய் இல்லைம்மா. கல்லு. ஆமா, கல்லுதான். கொள்ளிடத்துல விடப்போறேன். பூஜை பண்ணின பொருளைக் குப்பையில போட முடியாது இல்லையா? கண்ணாடி உடைஞ்ச சாமி படம், கை ஒடிஞ்ச பொம்மை, எல்லாத்தையும் ஓடற தண்ணியிலதானே விடுவோம். அந்த மாதிரிதான் இதுவும். அந்த மாதிரின்னும் சொல்ல முடியாது. எப்படிச் சொல்றது போங்க.

உங்களுக்கு எந்த ஊரு? தஞ்சாவூரா. அப்ப சொல்லலாம். அரியலூர்க்காரங்களா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இப்பெல்லாம் கோயிலுக்குக்கூட பெரிய தெரு வழியாப் போறதில்லை நான். சந்து வழியாப் போயி, ஓரமா நின்னு கும்பிட்டுட்டு, தீபாராதனைத் தட்டு வர்றதுக்குள்ள வந்துடறேன். அவ்வளவு வெட்கமா இருக்கு.

எல்லாம் என் பொண்ணு தோட்டம் போடறேன்னு ஆரம்பிச்சதுல வந்தது. சுகந்தின்னு பேரு. கோயமுத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கேன். மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு, கார் எல்லாம் இருக்கு. இவ லீவுக்கு வந்திருக்கா. பையன் ஓசூர்ல இருக்கான். எங்க வீட்டுக்காரர் தவறினதுல இருந்து நான் தனியாத்தான் இருந்தேன், இப்ப இவ துணைக்கு இருக்கா. காலேஜெல்லாம் படிச்சவ. விலங்கு, பூச்சி, அந்தப் படிப்பு. நான் எட்டாவதோட சரி.

தை மாசம் வந்தா. ஒரு பெட்டி, இடது கையில ஒரு மாவுக்கட்டு. வழுக்கி விழுந்துட்டேம்மான்னா. நானும் வழுக்கி விழுந்துட்டான்னுதான் எல்லாருக்கும் சொன்னேன். கட்டுப் பிரிச்ச அப்புறமும் போகலை. தெருவுல கேக்க மாட்டாங்களா? எதிர்வீட்டு ராஜாமணி அக்கா இருக்காங்களே, அவங்க தெனமும் கோலம் போட்டு முடிச்சதும் நிமிர்ந்து நிப்பாங்க. சுகந்தி இன்னும் இருக்காளா? மாப்பிள்ளை ஃபோன் பண்றாரா? விசேஷம் ஏதாவது உண்டா? நான் என்ன சொல்லுவேன்? லீவு, லீவுன்னு எத்தனை நாளைக்குத்தான் சொல்றது.

இதுல இவ போயி வாசல் பக்கம் தோட்டம் போடறா. கொல்லையில போடக் கூடாதா? வெயில் வாசல்லதான் நல்லா விழுதாம். சரி, மல்லி வை, கனகாம்பரம் வை, பெருமாளுக்கு ஆகும்னேன். இல்லையாம், பட்டாம்பூச்சிக்குத் தோட்டமாம். இட்லிப்பூ வெச்சா, உண்ணிச்செடி வெச்சா, எலுமிச்சங்கன்னு வெச்சா. அதெல்லாம் பரவாயில்லை. எருக்கு வெச்சாம்மா. வீட்டு வாசல்ல எருக்கு. பாழடைஞ்ச வீட்டுலதானே எருக்கு முளைக்கும்? புருசன் வீட்டை விட்டு... லீவுக்கு வந்த பொண்ணு, தாய் வீட்டு வாசல்ல எருக்கங்கன்னை நட்டுத் தண்ணி ஊத்தினா பாக்கறவங்க என்ன பேசுவாங்க? ராஜாமணி அக்கா எருக்கைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, கோலமாவு டப்பாவை மூடிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. பேசியிருந்தாக்கூட தேவலை.

கேட்டா சொல்றா, ஒருவகைப் பட்டாம்பூச்சி எருக்குலதான் முட்டை வைக்குமாம். புழு அந்த இலையைத்தான் தின்னுமாம். பூ வெச்சா பூச்சி வந்து தேன் குடிச்சுட்டுப் போயிடும்மா, இலை வெச்சாத்தான் தங்கும்னா. கொஞ்ச நாள்ல வந்துச்சு பாருங்க, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமா வரிவரியா. எனக்கு உடம்பெல்லாம் அரிச்சுது. இவ அதுங்க பக்கத்துல குந்திக்கிட்டுப் பேசிக்கிட்டிருப்பா.

கல்லுக்கு வர்றேன். வீடு கட்டினப்ப அஸ்திவாரத்துக்கு எங்க வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் இறக்கினார். மிச்சம் வாசல் மூலையில குவிஞ்சு கிடந்துச்சு. அதையெல்லாம் இவ ஒண்ணொண்ணா உருட்டி பாத்தி கட்டினா. தட்டையான கல்லாப் பாத்து நடுவுல போட்டா, காலையில பூச்சிங்க அது மேல உக்காந்து ரெக்கையை விரிச்சுக் காயுமாம். சிப்பி ஒட்டின கல்லெல்லாம் எங்க ஊர்ல புதுசு இல்லைம்மா. தெருவுக்குத் தெரு கிடக்கும், யாரும் குனிஞ்சுகூடப் பாக்க மாட்டாங்க. ஆனா இது அப்படியில்லை. ஆவணியில ஒருநாள் பெரிய கல்லு ஒண்ணைக் கடப்பாரையால நெம்பினா. அது ரெண்டாப் பொளந்துச்சு. உள்ளே பாத்தா, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, சுருள் சுருளா, சுத்திலும் வரிவரியாக் கதிர் மாதிரி. நடுவுல ஒரு குழி. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். சக்கரம்! பெருமாள் கையில இருக்கிற சக்கரம்! கல்லுக்குள்ள இருந்து வருது!

சுகந்தி மண்டி போட்டு உக்காந்து முந்தானையால மண்ணைத் துடைச்சா. அவ முகத்தைப் பாத்தேன். சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. வந்ததுல இருந்து அவ சிரிச்சு நான் பாக்கலை. என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தா. நான்தான் அதுக்குள்ள கையைத் தலைக்கு மேல தூக்கிட்டேனே. கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. வரதராஜா, என் வீடு தேடி வந்துட்டியாப்பான்னு மண்ணுல விழுந்துட்டேன். எந்திரிச்சுப் பாத்தா, அவ வாயை மூடிக்கிட்டிருந்தா.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையாம்மா? அப்பவே ஒரு வார்த்தை?

அப்புறம் என்ன, மஞ்சத்தண்ணியில கழுவி, அந்தத் தட்டைக் கல்லு மேலேயே நிறுத்தி, நாமம் போட்டு, துளசி சாத்தினேன். ராஜாமணி அக்காதான் முதல்ல வந்தாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மறுநாள் தெருவே வந்துச்சு. புரட்டாசி பொறந்தப்புறம் கேக்கவே வேணாம். சனிக்கிழமையானா பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் சொம்பு எடுத்துக்கிட்டு வந்துடுவாங்க. பால் வார்ப்பேன். அந்தப் பாலையே தீர்த்தமாக் கொடுப்பேன். பொம்பளைங்க புள்ளைங்க வாயில விட்டு, தலையில தடவிக்கிட்டுப் போவாங்க. மாசம் முழுக்க வீட்டுல வெங்காயம்கூட சேக்கலை நான்.

ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. எனக்கு அப்ப சந்தோஷமா இருந்துச்சு. ராஜாமணி அக்கா கோலம் போட்டுட்டு நிமிர்ந்தா, இன்னிக்கு என்ன பிரசாதம்னு கேப்பாங்க. சுகந்தி இருக்காளான்னு கேக்கலை. யாரும் கேக்கலை. கோயில்ல எனக்கு முன்னாடி நகர்ந்து இடம் விட்டாங்க. ஒரு மாசம், தலை நிமிர்ந்து நடந்தேம்மா.

நான் வேண்டிக்கிட்டதும் எனக்காக இல்லை. சொல்லலாம் உங்ககிட்ட. தெனமும் விளக்கேத்தி வாய்விட்டு வேண்டுவேன், மாப்பிள்ளை மனசு வெச்சு வந்து இவளைக் கூட்டிக்கிட்டுப் போகணும், இவளும் முரண்டு பண்ணாமப் போகணும்னு. சுகந்தி அங்கேயேதான் இருப்பா, செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு. அவ காதுலயும் விழட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாவே வேண்டினேன். பெத்தவ வேற என்னம்மா வேண்டுவா?

எருக்கை மட்டும் வெட்டிட்டேன். பெருமாளுக்குப் பக்கத்துல எருக்கு நிக்கலாமா? வர்றவங்க நிக்கவும் இடம் வேணும். அவ கடைக்குப் போயிருந்தா. அரிவாளை எடுத்து அடியோட சீவி, தெருக்கோடி குப்பைமேட்டுல கொண்டுபோய்ப் போட்டேன். புழுவோடதான். வந்து பாத்தா. பையைக் கீழே போட்டுட்டு நேராக் குப்பைமேட்டுக்குப் போனா. அங்கே குந்திக்கிட்டு ஒவ்வொரு இலையாப் புரட்டி, புழுவைப் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டிருந்தா. பொழுது சாயற வரைக்கும். தெரு பாக்குது. படிச்ச பொண்ணு, குப்பையில. எனக்கு அன்னிக்கும் வெட்கமாத்தான் இருந்துச்சு. ராஜாமணி அக்காகிட்ட, கம்மல் திருகாணி விழுந்துடுச்சு, தேடறான்னு சொல்லிட்டேன்.

பாக்கி செடியெல்லாம் ஜனங்க கால்லயே போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சாமி கும்பிட வர்றவங்களை இந்தப் பக்கம் மிதி, அந்தப் பக்கம் மிதிக்காதேன்னா சொல்ல முடியும்? மூலையில எலுமிச்சையும் இட்லிப்பூவும் மட்டும் நின்னுச்சு.

புரட்டாசி கடைசி சனிக்கிழமை. தெருவுல எல்லாரும் சேர்ந்து பேசி, பெருமாள் மண்ணுல இருக்கக் கூடாது, சிமெண்டுல மேடை கட்டி, மேலே தகரம் போட்டுடலாம்னு முடிவு பண்ணினாங்க. என்னைக் கேட்டாங்க, நான் சரின்னேன். எனக்கு உள்ளூரப் பெருமைதான். காலையில ரெண்டு ஆளு மண்வெட்டியோட வந்து நின்னாங்க. எலுமிச்சங்கன்னுகிட்ட முதல் வெட்டுப் போட மண்வெட்டியை ஓங்கினாரு ஒருத்தர். சுகந்தி குறுக்கே போய் நின்னுட்டா.

"அண்ணே, வெட்டாதீங்க. அது சாமி இல்லை."

எல்லாரும் இருக்காங்க. சொம்புல பாலோட நான் நிக்கறேன். அவ நிறுத்தாம சொல்லிக்கிட்டே போறா. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னாடி அரியலூரே கடலாம். அந்தக் கடல்ல இருந்த பிராணியாம். நத்தை மாதிரி ஓட்டுக்குள்ள இருக்குமாம். செத்து, சேத்துல புதைஞ்சு, சேறு கல்லாகி, அதுவும் கல்லாகிப் போச்சாம். வேணும்னா காலேஜ்ல, மியூசியத்துல கேட்டுப் பாருங்கன்னா. கூட்டத்துல ஒரு பையன், ஆமா, எங்க ஸ்கூல்ல கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க, இதே மாதிரிதான்னுட்டான்.

அப்புறம் ராஜாமணி அக்கா வீட்டுக்காரர் இருக்காரே, எதுலயும் நக்கல் பண்றவர், அவரு மெதுவாச் சொன்னாரு. "நத்தைக்கறி மூலத்துக்கு நல்லதாச்சே. நாம தீர்த்தமால்ல குடிச்சிருக்கோம்." அவ்வளவுதான், ஆம்பளைங்க சிரிச்சாங்க. பொம்பளைங்க சிரிக்கலை. புள்ளைங்க வாயில பாலை விட்டவங்க எப்படிச் சிரிப்பாங்க? ஒவ்வொருத்தரா சொம்பை முந்தானையில மறைச்சுக்கிட்டுப் போனாங்க. ராஜாமணி அக்கா கடைசியாப் போனாங்க. போகும்போது, "உம் பொண்ணு எத்தனை நாளைக்குத்தான் லீவு?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. எல்லார் காதுலயும் விழற மாதிரி.

பெருமாளுக்குன்னு நோன்பு இருந்து, மாசம் பூரா நத்தைக்குப் பால் வார்த்திருக்கேம்மா. நாமம் போட்டிருக்கேன். தாங்குமா இது?

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டேன். உனக்கு எப்ப தெரியும்டின்னேன். பொளந்தப்பவே தெரியும்னா. ஏன்டி சொல்லலைன்னேன்.

"எல்லாரும் கல்லைப் பாத்துட்டுப் போனாங்கம்மா. என்னைப் பாக்கலை. உனக்கும் அது நல்லா இருந்துச்சு."

இது ஒரு பதிலாம்மா? பெத்தவ பைத்தியக்காரியாட்டம் கல்லைக் கும்பிடறதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டு, சொல்ற பதிலா? அழுதேன். வேண்டுதலெல்லாம் நத்தைகிட்டப் போயிடுச்சேடி, அதான் மாப்பிள்ளை வரலை போலிருக்குன்னு சொன்னேன். அதைக் கேட்டு அவ சிரிச்சுட்டா. "அப்படின்னா அந்த நத்தைக்கு நான்தாம்மா பால் ஊத்தணும்"னா. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. இடது கையைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மழைக்கு அந்தக் கை இன்னும் வலிக்கும் போல. வழுக்கி விழுந்தா அப்படியெல்லாம் ஒடியாதுன்னு இங்கே கட்டுப் பிரிச்ச டாக்டர் என்கிட்ட சொன்னாரு. நான்தான், இருக்கும் சார், அவ சின்னதுல இருந்தே எலும்புல சத்து இல்லாதவன்னு சொல்லிட்டு வந்தேன்.

அதை எதுக்குச் சொல்றேன் இப்ப. விடுங்க.

அன்னிக்கே கல்லைத் தூக்கி மூலையில போட்டு, பழைய வேட்டித்துண்டால மூடிட்டேன். கண்ணுல படக் கூடாதுன்னு. வெட்டின எருக்கு அந்த மூலையிலதான் துளிர்த்துச்சு. வெட்டினா சாகுற செடியா அது? இவ மறுபடி பாத்தி கட்ட ஆரம்பிச்சுட்டா. யார்கிட்டயும் பேசறதில்லை. என்கிட்டயும் ரெண்டு வார்த்தைதான். இந்தக் கல்லு வாசல்ல இருக்கிற வரைக்கும் தெரு மறக்காது. கொண்டுபோய் ஆத்துல விட்டுட்டா ஒரு பேச்சு ஓயும்னு தோணுச்சு. சுகந்தி கல்லு தனக்கு வேணும்னுதான் சொன்னா. துண்டை எடுத்துட்டா பூச்சி வந்து அது மேல உக்காரும், இருக்கட்டும்மான்னா. நான் கேக்கலை. இன்னிக்கு அவ குளிக்கப் போன நேரம் பாத்து, துண்டோட அப்படியே தூக்கிக் கூடையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன். கையால தொட்டுப் பாக்கக்கூட இல்லை. நாமம் இன்னும் அந்த வரியில ஒட்டியிருக்கும். தண்ணியில கரைஞ்சு போகட்டும்.

பாக்கணுமா? எதுக்கும்மா. சரி, நீங்க இவ்வளவு நேரம் கேட்டீங்க. இருங்க, துண்டை விலக்கறேன். பாத்துக்கங்க, இதுதான் சக்கரம். எங்க தெரு பெருமாள்.

என்னது? எங்கே? பச்சையா? நடுக்குழியிலயா... இலை ஒட்டியிருக்கும். இருங்க, தொடாதீங்க.

தொடாதீங்கம்மா. இலை இல்லை.

இது கூடு. புழு கட்டின கூடு. சுகந்தி ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினா, நான் சரியாக்கூடப் பாக்கலை, அடுப்புல பால் இருக்குன்னு போயிட்டேன். பாருங்களேன், மெழுகுப் பச்சை. அதுல சுத்திலும் தங்கப்பொட்டு. தாலிக்குண்டு வெச்ச மாதிரி இல்லை? எந்தத் தட்டான் வந்து வெச்சானோ. இத்தனை குலுக்கல்ல விழாம இருக்கு பாருங்க, ஒரு நூலுல பிடிச்சுக்கிட்டு. நல்லவேளை கீழே வைக்கலை. நல்லவேளை யாரும் கால் வைக்கலை.

ஒண்ணுகூட மிச்சம் இருக்காதுன்னு நினைச்சேன். அவ குப்பையில பொறுக்கினதோட வம்சமா இருக்கும்.

என்னங்க கண்டக்டர்? திருமானூரா? இல்லைங்க, நான் இறங்கலை. டிக்கெட் திருமானூருக்குத்தான் எடுத்தேன், தெரியும். கூடையை ஆடாம சரி பண்ணிக்கணும், பாலம் தாண்டி அடுத்த ஸ்டாப்புக்கு ஒண்ணு போட்டுக் கொடுங்க. அங்கே இறங்கி எதிர் பஸ் பிடிச்சுக்கறேன். கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன் டிரைவரை.

எப்படிம்மா உள்ளே உயிரோட இருக்கறதைத் தண்ணியில போடறது? உங்களால முடியுமா? சாமியோ நத்தையோ, அதை விடுங்க. இதை அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? திருடி எடுத்துக்கிட்டுப் போயிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கறேன்னா? குளிச்சுட்டு வந்து பாத்திருப்பா. மூலையில கல்லு இல்லாததைப் பாத்து, மறுபடி குப்பைமேட்டுக்குத்தான் போயிருப்பா. அங்கேயே குந்திக்கிட்டிருப்பாளோ என்னவோ. ராஜாமணி அக்கா நின்னு பாத்துக்கிட்டிருப்பாங்க.

பாத்தா பாக்கட்டும்.

என்ன கேட்டீங்க? பொண்ணு எப்பத் திரும்பிப் போறாளா? தைக்கு வந்தான்னு சொன்னேன் இல்லையா? இந்தத் தை இல்லைம்மா, அதுக்கு முந்தின தை. லீவெல்லாம் இல்லை. அவ இங்கேதான் இருப்பா.

அதோ பாலம். அடேயப்பா, தண்ணியைப் பாருங்க. ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போவுது. மேட்டூர்ல திறந்துவிட்டிருக்காங்க போல. இந்தத் துண்டோட அந்த முனையைப் பிடிங்கம்மா, காத்து அடிக்குது, கூட்டுல படக் கூடாது. இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ஆங், அப்படித்தான்.

ஆத்துல தண்ணியே இல்லைன்னுதான் அவகிட்ட சொல்லப்போறேன். மணல்தான் கிடந்துச்சு, விட முடியலை, அதான் திருப்பிக் கொண்டுவந்துட்டேன்னு. நீங்க பாத்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா.